மோல், கிராம்: எண்ணலும் எடுத்தலும்

அளவைப் பெயர்களைப் பற்றிய ஆராய்ச்சி தமிழிலக்கணத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியர் தொகைமரபில் அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் மொழிமுதலாகும் எழுத்துகள் ஒன்பது என வரையறுத்தார். குற்றியலுகரப் புணரியலில் எண்ணுப்பெயர்கள் அவற்றோடு புணருமாற்றை விரித்தார். பவணந்தியார் ஆகுபெயரின் வகைகளைத் தொகுக்குமிடத்து அளவையையும் உடன் வைத்தார். உரைகாரர் அதனை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகையாகப் பகுத்துக் காட்டினர். இற்றை வேதியியலில் வழங்கும் ‘மோல்’ என்னும் அளவை இந்நான்கனுள் எதன்பாற்படும் என ஆராய்தலும், மோலைக் கிராமாக மாற்றும் முறையைத் தமிழ் கற்றார்க்கு விளங்க உரைத்தலும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

வேதியியற் கணக்கிற்குத் தமிழாராய்ச்சி இதழில் இடம் ஏது என்று வினவுவார் உளராகலாம். கலைச்சொற் குழுக்களிலும் பாடநூல்களின் மொழியைத் திருத்தும் பணியிலும் தமிழாசிரியர் அமர்த்தப்பெறுகின்றனர். அங்ஙனம் அமரும் நம்மனோர் சொல்லின் வடிவத்தைச் செப்பம் செய்வதிற் காட்டும் ஊக்கத்தைச் சொல் குறிக்கும் பொருளை உணர்வதிற் காட்டுவதில்லை. ஒரு பொருளின் மூலக்கூறு எடையைக் கிராமிற் கூறினால் அது மோல் என விளக்கம் எழுதுவார் உளர். துகள்களின் ஒரு குறித்த எண்ணிக்கையே மோல் என எழுதுவாரும் உளர். முன்னை விளக்கம் மோலை எடுத்தலளவை ஆக்குகின்றது. பின்னையது எண்ணலளவை ஆக்குகின்றது. ஒரு சொல் ஒரே நூலில் இருவேறு அளவைக்கண் நிற்குமாயின், கற்கும் மாணவன் இரண்டையும் பற்றாது வாய்பாட்டை மட்டும் நெட்டுருச் செய்வான். இன்று பெரும்பாலும் நிகழ்வது அதுவே.

நால்வகை அளவையும் ஒரே தெருவில் வழங்கக் காண விரும்புவார் திருவண்ணாமலையில் யாம் வாழும் ரமணாசிரமப் பகுதிக்கு வருக. மலையின் தென்புறத்தே செங்கம் சாலையை ஒட்டிய கடைகளில் பூச்சரம் முழத்தால் விற்கப்படுகின்றது. வெற்றிலை கவுளியால் விற்கப்படுகின்றது. பொரி படியால் முகந்து கொட்டப்படுகின்றது. கற்பூரம் கிராமால் நிறுக்கப்பட்டு உறையில் இடப்பட்டுள்ளது. அவ்வுறையைப் பிரித்தால் உள்ளே இருப்பன வில்லைகள். மலைவலம் வருவார் கணக்கிடுவது வில்லையின் எண்ணிக்கையை; இலிங்கத்திற்கு ஒன்றாக எட்டு வில்லை வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைக்காரர் கணக்கிடுவது கிராமை. ஒரு வில்லையின் எடை தெரிந்தால் இருவர் கணக்கும் ஒன்றாகிவிடும். எண்ணை ஒன்றன் எடையாற் பெருக்க மொத்த எடை வரும். மொத்த எடையை ஒன்றன் எடையால் வகுக்க எண் வரும். மோலைக் கிராமாக மாற்றும் முறை முழுவதும் இதனுள் அடங்கியது. எஞ்சியது, கண்ணுக்குப் புலனாகாத மூலக்கூற்றினை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணவும் நிறுக்கவும் இயலாமையால் வந்த சூழ்ச்சி மட்டுமே.

அச்சூழ்ச்சி தமிழர்க்குப் பழகியதே. கொறுக்கையூர்க் காரிநாயனாரின் கணக்கதிகாரமும் அதன்வழிப்பட்ட வாய்பாடுகளும் முகத்தலளவையை நெல்லின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகின்றன. நெல் 360 கொண்டது ஒரு செவிடு. செவிடு 5 கொண்டது ஓர் ஆழாக்கு. ஆழாக்கு 2 கொண்டது உழக்கு. உழக்கு 2 கொண்டது உரி. உரி 2 கொண்டது நாழி. பெருக்கிப் பார்ப்பின் ஒரு நாழிக்கு நெல் 14,400 ஆகின்றது. இவ்வெண் ஓர் உழவன் களத்தில் இருந்து எண்ணிக் கண்டதா, 360 என்னும் எண்ணின்மேல் கணக்கர்க்கு இருந்த விருப்பால் அமைந்ததா என்பது வேறு ஆராய்ச்சி. நொடிக்கு ஒரு மணியாக எண்ணின் 14,400 மணியையும் எண்ணச் சரியாக நான்கு மணி நேரம், அஃதாவது பத்து நாழிகை, செல்லும் என்பதை மட்டும் குறித்து மேற்செல்கின்றோம். எண்ணல் அரிது, முகத்தல் எளிது. ஆதலின் எண்ணத்தக்கதை முகந்து, முகந்ததனால் எண்ணை அறியும் வழியை முன்னையோர் வகுத்தனர். பலாவின் காம்பைச் சூழ்ந்த முள்ளை எண்ணி ஆறாற் பெருக்கி ஐந்தால் வகுத்து உள்ளிருக்கும் சுளையின் தொகை கூறும் விதியும் அம்மரபினதே. பழத்தைப் பிளந்து பார்த்தார் அவ்விதியை எவ்வளவு நம்பினர் என்பதை யாம் அறியோம். ஆயினும் காணாததைக் கண்டதனால் எண்ணத் துணிந்த கருத்துப் போற்றத்தக்கது.

இனி நாழி நெல்லை நிறுப்போம். ‘நாழி’ என்பதை ஈண்டு 14,400 என்னும் எண்ணின் பெயராகவே கொள்க. வேளாண்மை நூலார் ஒவ்வொரு நெல்வகைக்கும் ஆயிரம் மணியின் எடை இவ்வளவு எனப் பட்டியல் இடுவர். ஒரு சன்னவகைக்கு அது 15 கிராம் என்றும், ஒரு பருவகைக்கு 25 கிராம் என்றும் கொள்வோம். அங்ஙனமாயின் சன்னநெல் 14,400 மணி 216 கிராம்; பருநெல் 14,400 மணி 360 கிராம். எண் ஒன்றே, எடை வேறு. ஒவ்வொரு வகைக்கும் உரிய இவ்வெடையை அதன் ‘நாழியெடை’ என்று அழைத்தால், மூன்று நாழிச் சன்னநெல்லின் எடை யாது என்னும் வினாவிற்கு விடை, மூன்றை 216ஆற் பெருக்க வரும் 648 கிராம். இதனை உணர்ந்தவர் மோலையும் உணர்ந்தவராவர். மோல் என்பது நாழி நின்ற இடத்தில் நிற்பது. மோலார் நிறை என்பது நாழியெடை நின்ற இடத்தில் நிற்பது.

வேறுபாடு எண்ணின் பெருமையில் உள்ளது. ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்களின் தொகுதி. மேற்கூறியவாறு நொடிக்கு ஒன்றாக இதனை எண்ணப் புகின், பேரண்டத்தின் வயதாக இன்று கூறப்படும் 1,380 கோடி ஆண்டைப்போல் ஏறத்தாழ 14 இலட்சம் மடங்கு காலம் வேண்டும். இவ்வெண் இத்துணைப் பெரிதாக அமைந்தது ஒரு வசதி கருதியே. ஓர் அணுவின் எடையை, கார்பன்-12 என்னும் அணுவை 12 எனக் கொண்டு, அதனோடு ஒப்பிட்டுக் கூறுதல் வேதியியலார் மரபு. அவ்வொப்பீட்டில் ஹைட்ரஜன் 1.008, கார்பன் 12.011, ஆக்சிஜன் 15.999, சோடியம் 22.990, குளோரின் 35.45 என்றவாறு எண்கள் கிடைக்கின்றன. மோல் என்னும் தொகுதியை மேற்கூறிய அளவினதாக வைத்துக்கொண்டால், இதே எண்கள் ஒரு மோல் அணுவின் எடையைக் கிராமில் தருவனவாகிவிடுகின்றன. அட்டவணை ஒன்று, பயன் இரண்டு.

உப்பினை எடுத்துக்கொள்வோம். சோடியம் ஒன்றும் குளோரின் ஒன்றும் சேர்ந்தது அது; ஆகவே அதன் மோலார் நிறை 22.990 உடன் 35.45 கூட்ட வரும் 58.44 கிராம். இரண்டரை மோல் உப்பு வேண்டுமாயின் 2.5ஐ 58.44ஆற் பெருக்கி 146.1 கிராம் நிறுத்துக்கொள்ளலாம். நீருக்கு ஹைட்ரஜன் இரண்டு, ஆக்சிஜன் ஒன்று, 18.015 கிராம். இரண்டரை மோல் நீர் 45.04 கிராமே. உப்பும் நீரும் இரண்டரை மோல் என்னும் எண்ணால் ஒத்தன. எடையால் மூன்று மடங்கிற்கு மேல் வேறுபட்டன. மோலை எடையென்று கொண்டவனுக்கு இவ்விடத்தில் தடுமாற்றம் நேரும். எண்ணென்று கொண்டவனுக்கு நேராது.

கற்பூரத்தின் கணக்கு இன்னும் சுவையுடையது. அதன் ஒரு மூலக்கூற்றில் கார்பன் பத்து, ஹைட்ரஜன் பதினாறு, ஆக்சிஜன் ஒன்று. கார்பனின் பங்கு 120.11, ஹைட்ரஜனின் பங்கு 16.13, ஆக்சிஜனின் பங்கு 16.00. கூட்டினால் 152.24 கிராம். கடையில் வாங்கிய பத்துக் கிராம் கற்பூரத்தை 152.24ஆல் வகுக்க 0.0657 மோல் கிடைக்கும். அதிலுள்ள மூலக்கூறுகள் ஏறத்தாழ 3.96 × 10²². இனி அது முழுதும் எரிவதாகக் கொள்வோம். கார்பன் பத்தாகலின் ஒரு மூலக்கூறு கற்பூரம் பத்து மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடைத் தரும். ஹைட்ரஜன் பதினாறாகலின் எட்டு மூலக்கூறு நீரைத் தரும். இவ்வுறவு எண்ணால் அமைந்த உறவு என்பதை நோக்குக. பத்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று என்னும் முழு எண்கள் எடையிற் காணப்படுவதில்லை. 0.0657 மோல் கற்பூரத்திற்கு 0.657 மோல் கார்பன் டை ஆக்சைடு. அதன் மோலார் நிறை 44.01, ஆகவே 28.9 கிராம். நீர் 9.5 கிராம். பத்துக் கிராம் எரிந்து முப்பத்தெட்டுக் கிராமுக்கு மேல் விளைந்தது எங்ஙனம் எனின், காற்றிலிருந்து 28.4 கிராம் ஆக்சிஜன் வந்து கூடியது என்க. கற்பூரம் ஒன்றும் எஞ்சாது கரைவதாகக் கூறும் நம் உவமை வழக்கு தட்டிற்குப் பொருந்தும், துலாக்கோலுக்குப் பொருந்தாது. கற்பூரச் சுடர் புகையும் கரியும் உமிழ்வதாகலின் உண்மையில் எரிதல் முற்றுப்பெறுவதில்லை என்பதையும் ஈண்டுச் சொல்லுதல் முறை.

கற்பூரத்திற்குச் செய்த கணக்கை மலையுச்சியில் கார்த்திகை விளக்கீட்டுக்குச் சொரியும் நெய்க்குச் செய்ய முடியுமா எனின், முடியாது. கற்பூரம் ஒரு சேர்மம். அதற்கு ஒரு வாய்பாடு உண்டு. நெய் பல கொழுப்புகளின் கலவை. அதற்கென ஒற்றை மோலார் நிறை இல்லை. ‘ஒரு மோல் நெய்’ என்பது ‘ஒரு நாழிக் கலப்பு நெல்’ போன்றது, எண் கூறலாம், எடையைக் கலப்பின் தன்மை அறியாது கூறவியலாது. எனினும் நெய்யிலும் எண்ணிலிருந்து அளவிற்குச் செல்லும் ஒரு பழங்கணக்கு உண்டு. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில், நாடோறும் உழக்கு நெய் எரியும் திருவிளக்கு ஒன்றிற்கு ஆடு 96 விடப்பட்டது. ஆட்டிற்கு ஈடாகப் பசு விடின் 48. எருமை விடின் 16. கிடைக்கும் நெய் ஒன்று. அதற்கு வேண்டும் தலைகள் வெவ்வேறு. மோலிலோ எண் ஒன்று, எடை வெவ்வேறு. இருவகை ஈடும் வேதியியலில் உள. இராசராசன் கணக்கர் கையாண்டதற்கு ஒப்பானதைப் பழைய வேதியியலார் சமான எடை என்றனர். அக்கோயிலிலேயே முத்துகளின் எண்ணும் கூறி, அவற்றின் நிறையையும் கழஞ்சு, மஞ்சாடி, குன்றியாற் கூறும் கல்வெட்டுகள் உள. எண் ஒன்றே போதும் என்றோ நிறை ஒன்றே போதும் என்றோ அக்கணக்கர் அமையவில்லை.

இம்மாற்றத்தை அறியாமை பாடநூலோடு ஒழிவதாயின் நாம் இத்துணை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ரமணாசிரமப் பகுதிக்குப் பல நாட்டவர் வந்து தங்குகின்றனர். அவருள் இங்கிலாந்திலும் கனடாவிலும் குடியேறிய தமிழரும் உளர். நீரிழிவு உடையார் ஒருவர் அந்நாட்டுப் பரிசோதனைத் தாளையும் இந்நாட்டுத் தாளையும் அருகருகே வைத்தால், ஒன்றில் குருதிச் சர்க்கரை 7 என்றும் மற்றொன்றில் 126 என்றும் காணலாம். இரண்டும் ஒன்றே. முன்னது ஒரு லிட்டர் குருதியில் எத்தனை மில்லிமோல் குளுக்கோசு என்று எண்ணுவது. பின்னது ஒரு டெசிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்று நிறுப்பது. குளுக்கோசின் மோலார் நிறை 180.16 கிராம். ஆகவே 7 மில்லிமோல் குளுக்கோசு 1,261 மில்லிகிராம், அது லிட்டருக்கு. லிட்டரிற் பத்தில் ஒன்று டெசிலிட்டர், எனவே 126. பதினெட்டாற் பெருக்கினால் வெளிநாட்டுக் கணக்கு நம் கணக்காகும். பதினெட்டால் வகுத்தால் நம் கணக்கு அவர் கணக்காகும். பதினெட்டு என்னும் எண்ணைக் குளுக்கோசுக்கு மட்டும் உரியதென்று அறியாது கொழுப்பின் கணக்கிற்கும் பெருக்குவார் உளர். கொலசுட்ராலின் மோலார் நிறை 386.65, அதற்குரிய பெருக்கெண் 38.67. மோல் எண்ணலளவை என்பதும், ஒவ்வொரு சேர்மத்திற்கும் தன் எடை உண்டு என்பதும் சொல்லின் விளக்கத்திலேயே தெளிவாக இருப்பின் இப்பிழைக்கு இடமில்லை. மருத்துவக் கையேடுகளைத் தமிழாக்குவோர் ‘மில்லிமோல்’ என்பதை ‘மில்லிகிராம்’ என்று மாற்றி எளிமைப்படுத்த முற்படுதல் எளிமையன்று, தீங்கு.

மோல் இருவகை விளக்கம் பெற்றதற்குக் காரணம் தமிழாசிரியரல்லர். அதற்கு வரலாறு உண்டு. 1811இல் இத்தாலியரான அவகாட்ரோ, ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் உள்ள வளிகளின் சமகனஅளவுகளில் சமஎண்ணிக்கையான மூலக்கூறுகள் உள என்னும் கருதுகோளை வெளியிட்டார். முகத்தலிலிருந்து எண்ணலை அறியும் நாழிக்கணக்கே இது. ஆனால் நெல்லின் பருமை நாழியின் எண்ணை மாற்றும், வளியின் வகை மாற்றாது. அரைநூற்றாண்டு அக்கருதுகோள் போற்றுவாரின்றிக் கிடந்தது. 1860இல் கார்ல்சுரூ நகரில் கூடிய வேதியியலார் மாநாட்டையொட்டிக் கன்னிசாரோ அதனை நிலைநாட்டினார். 1865இல் லோசுமித்து மூலக்கூற்றின் பருமனை மதிப்பிட்டார். 1890களில் செருமானிய அறிஞர் ஒசுட்வால்டு ‘மோல்’ என்னும் சொல்லை வழக்கிற் கொணர்ந்தார். அவர் அக்காலத்தில் அணு என ஒன்று உண்டு என்பதையே ஐயுற்றவர். எண்ணத்தக்க துகளை ஒப்பாதவர் எண்ணலளவையை எங்ஙனம் வகுப்பார்? ஆகலின் மூலக்கூறு எடைக்குச் சமமான கிராம் எனவே அவர் அதனை வரையறுத்தார். 1909இல் பிரெஞ்சு அறிஞர் பெரென் தம் ஆய்வுகளால் துகளின் எண்ணைக் கண்டு அதற்கு அவகாட்ரோவின் பெயரை இட்டார். அவ்வாண்டுகளிலேயே ஒசுட்வால்டும் அணுவை ஒப்பினார். 1971இல் மோல் அனைத்துலக அளவை முறையின் அடிப்படை அலகுகளுள் ஒன்றாயிற்று. 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்கள் எத்துணையோ அத்துணைத் துகள் கொண்டது மோல் என்பது அப்போதைய வரையறை. அவ்வரையறையில் எண் எடையைச் சார்ந்து நின்றது. 2019 மே 20 முதல் அச்சார்பும் நீங்கியது. 6.02214076 × 10²³ என்னும் எண்ணே வரையறை. எடையை அளந்தறிய வேண்டும். எனவே, எடுத்தலளவையாகப் பிறந்த சொல் எண்ணலளவையாக வளர்ந்தது என்பதே உண்மை. மோலை எடையென எழுதிய பழைய தமிழ்நூலார் தம் காலத்து மூலநூல்களைப் பிறழாது பின்பற்றியவர். அவரைக் குறைகூறுதல் தகாது. இன்றும் அதையே பெயர்த்தெழுதுவாரைக் கூறலாம்.

சொல்லின் பிறப்பும் கருதத்தக்கது. இலத்தீனில் ‘மோலெசு’ என்பது பெருந்திரள், குவியல் எனப் பொருள்படும். அதன் குறுமைப்பெயரே ‘மாலிக்யூல்’. சிறுதிரள் என்பது பொருள். தமிழில் அதற்கு வாய்த்த ‘மூலக்கூறு’ என்னும் ஆக்கம் பொருளோடு ஒலியையும் ஒருவாறு தழுவியது. நல்ல ஆக்கம் என்றே கருதுகின்றோம். ஆயினும் ‘மூலம்’ என்னும் சொல்லின் சார்பால் மோல் மூலத்தினின்று திரிந்தது என்று மயங்குதல் கூடாது. ஈழத்துப் பாடநூல்கள் ‘மூல்’ என்று எழுதுவது இம்மயக்கத்தை மிகுவிக்கும். ஆனால் மூலக்கூறு, மூல், மூலர் என ஒருகுடிச் சொற்களாய் அமைவதால் மாணவர் நினைவில் எளிதிற் பதியும் என்னும் நன்மையும் அதற்கு உண்டு. 1875இல் மருத்துவர் கிறீன் ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரால் வேதியியலைத் தமிழில் வெளியிட்ட நாள்தொட்டு ஈழத்தார் இத்துறையில் நமக்கு முன்னோடிகள் என்பதை மறத்தலாகாது.

இதனினும் இடர் தருவது ‘நிறை’ என்னும் சொல். தொல்காப்பியத்தில் அளவு, நிறை என இரண்டும் பிரித்துக் கூறப்பட்டன. அளவு முகத்தலையும் நிறை எடுத்தலையும் குறித்தன. இயற்பியல் வந்தபின் பொருளின் பருப்பொருட்டன்மை வேறு, நிலவுலகு அதனை ஈர்க்கும் விசை வேறு எனப் பகுக்க நேர்ந்தது. தமிழ்நாட்டார் முன்னதை நிறை என்றும் பின்னதை எடை என்றும் கொண்டனர். ஈழத்தார் முன்னதைத் திணிவு என்றும் பின்னதை நிறை என்றும் கொண்டனர். ஆகவே நம் மாணவன் ‘மோலார் நிறை’ என்று படிப்பதை யாழ்ப்பாணத்து மாணவன் ‘மூலர்த் திணிவு’ என்று படிக்கின்றான். நம் நூலைக் கையில் எடுத்தால் ‘நிறை’ என்னும் சொல்லை விசையெனக் கொள்ள நேரும். ஒரே சொல் கடலின் இருகரையில் இருபொருள் கொண்டுள்ளது. ‘எடை’ எடு என்னும் வினையடியாகப் பிறந்தது. தூக்கும் முயற்சியைக் குறிப்பது. எனவே விசைக்குப் பொருந்தும். ‘நிறை’ நிறு என்னும் வினையடியாகப் பிறந்து துலாக்கோலைச் சுட்டுவது. இருதட்டுத் துலாக்கோல் ஒப்பிடுவது பருப்பொருளையே. இக்காரணத்தால் தமிழ்நாட்டு வழக்கு வலியுடையது என்பது எம் துணிபு. ‘திணிவு’ மயக்கத்திற்கு இடந்தராதது என்பதையும் ஒப்புகின்றோம். இருநாட்டுப் பாடநூல்களையும் பயில்வார் பெருகிவரும் இந்நாளில் சொற்பட்டியல்களில் இரண்டனையும் ஒருங்கே காட்டுதல் வேண்டும். இக்கட்டுரையில் உலக வழக்குப் பற்றிப் பலவிடத்தும் ‘எடை’ என்றே எழுதியதை வேதியியல் அறிந்தார் நிறையெனக் கொள்க.

இனி இலக்கணத்திற்கு வருவோம். ‘ஒரு மோல் நீரை ஊற்று’ என்புழி மோல் அளவைப்பெயராய் நின்று நீரை அடைகொடுத்து வரையறுத்தது, ஆகுபெயரன்று. ‘ஒரு மோலை ஊற்று’ என்புழி அளவையின் பெயர் அளக்கப்பட்ட நீரைக் குறித்தமையின் எண்ணலளவை ஆகுபெயர். ‘ஒரு மோல் 18 கிராம்’ என்று ஆய்வுக்கூடத்திற் பேசுவதும் இவ்வாகுபெயரால் அமைந்ததே. அங்கு மோல் என்றது ஒரு மோல் நீரை. ஆகுபெயரென உணராது அதனை வரையறையாகக் கொண்டதனால் விளைந்ததே மோல் எடையென்னும் பிழை. மேலும், எண்ணப்படுவது யாதெனக் கூறாது மோலை வழங்குதல் கூடாது. ‘ஒரு மோல் ஆக்சிஜன்’ எனின் அணுவாயின் 16 கிராம். இரண்டணு சேர்ந்த மூலக்கூறாயின் 32 கிராம். ‘ஒரு மோல் ஆக்சிஜன் அணு’, ‘ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறு’ என விரித்தெழுதுதலே தமிழ்நூற்குத் தகுதி.

அகராதியில் மோல் என்னும் தலைச்சொல்லின்கீழ், 6.02214076 × 10²³ துகள்களின் தொகுதியைக் குறிக்கும் எண்ணலளவை என்பதை முதற்கண் எழுதி, ஒரு மோலின் நிறை சேர்மந்தோறும் வேறுபடும் என்பதையும், மோலை மோலார் நிறையாற் பெருக்கக் கிராம் வரும் என்பதையும் அடுத்து எழுதுதல் வேண்டும் என்று பரிந்துரைக்கின்றோம். தொல்காப்பியர் கூறிய ஒன்பதெழுத்துள் மகரமும் ககரமும் உள. ஆதலின் மோலும் கிராமும் அவ்விதியுள் அடங்கின, லிட்டர் அடங்கவில்லை என்று மகிழ்வார்க்கு ஒன்று கூறுவோம். அவ்விதி அளவிற்கும் நிறைக்கும் உரியது. மோல் எண்ணாகலின் அதன்கண் வாராது. அது வருமிடம் புள்ளிமயங்கியல். ஐ, அம், பல் என்னும் இறுதியுடைய பேரெண்களை ஆசிரியர் அங்கே ஓதினார். உரைகாரர் தாமரை, வெள்ளம், ஆம்பல் என அவற்றைக் காட்டினர். அவ்வெண்கள் எவ்வளவின என்பதில் உரைகாரரிடையும் நிகண்டுகளிடையும் ஒற்றுமையில்லை. மோலின் மதிப்போ இறுதி இலக்கம்வரை வரையறுக்கப்பட்டுள்ளது.